பூஜ்யத்துக்கு இடப்பக்கம்

பதினோரு வருடம் எங்கள் மென்பொருளுக்குக்
காது கிடையாது.
வாய் மட்டும்தான்.
முரசு, வயலின், கண்ணாடி உடைகிற மாதிரி ஒரு மணி,
எல்லாம் அதுவே கூட்டிக் கழித்துச் செய்தது.
எதையும் கேட்டறியாது,
தம்பெரே நகரின் நடுவில்
பனிக்காலத்திலும் உறையாமல் ஓர் ஆறு
எங்கள் ஜன்னலுக்குக் கீழே இரைவது உட்பட.

"சுத்தமாக இருக்கிறது, விடுங்களேன்"
என்பான் இல்போ.
அதற்குள் ஓடும் நேரத்தை எழுதியவன் அவன்:
பூஜ்யத்தில் தொடங்கி வலப்பக்கம் போகும் ஒரு கோடு.
தூசு இல்லை, இருமல் இல்லை,
யாரும் தாமதமாக வருவதில்லை.

ஆனால் கடிதம் நின்றபாடில்லை.
ஔலுவில் ஒரு பல் மருத்துவர்
வருடத்துக்கு இரண்டு முறை கேட்பார்:
"எல்லாம் சரி, நான் பாடுவதை
இதில் எங்கே வைப்பது?"
ஐந்தாம் பதிப்பில் காது வைப்பதென்று முடிவானது.
குத்துகிற வேலை எனக்கு.

முதல் நாள் ஸ்பீக்கரை அணைக்க மறந்தேன்.
மைக் கேட்டதை ஸ்பீக்கர் சொல்ல
ஸ்பீக்கர் சொன்னதை மைக் கேட்க
மூன்றாம் நொடியில் ஊளை.
கீழ்த்தளத்துக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து
கையில் காப்பிக் கோப்பையோடு ஒருவர்
மேலே வந்துவிட்டார்.

அப்புறம் தாமதம்.
நான் "ஒன்று" என்றால்
பிடரிக்குப் பின்னால் யாரோ "ஒன்று" என்றார்கள்,
என் குரலில்.
பஃபரைச் சுருக்கினேன், ஒலி அப்பளமாய் நொறுங்கியது.
பெருக்கினேன், எனக்கு நானே
நேற்றைய ஆள் ஆனேன்.
கம்பியில், சில்லில், எண்ணாக மாறும் வழியில்
மொத்தம் பதினெட்டு மில்லிநொடி.
சரி, பதிவானதை அந்த அளவு பின்னுக்குத் தள்ளு,
வாசித்தவர் வாசித்த இடத்திலேயே போய் உட்காரட்டும்.
கணக்கு எளிது.

சோதிக்க ஹெல்வி வந்தாள்.
டிராம் ஓட்டுகிறவள்; பணி முடிந்து
சீருடையைக் கழற்றாமல்
மடியில் அக்கார்டியன்.
சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.
நான்கு தட்டு எண்ணிக்கை, பிறகு வாசித்தாள்.
நிறுத்தினேன்.
மென்பொருள் செத்தது.
மறுபடி. செத்தது.
மூன்றாம் முறை அடுத்த அறையிலிருந்து இல்போ
கதவைத் திறக்காமலே சொன்னான்: "வேலைக்கு ஆகாது."

நள்ளிரவு வாக்கில் பிடிபட்டது.
பதினெட்டு மில்லிநொடி பின்னே தள்ளியதில்
அவள் வாசிப்பின் முதல் நுனி
பூஜ்யத்தைத் தாண்டி இடப்பக்கம் விழுகிறது.
அங்கே ஒன்றும் இல்லை.
வெறுமைகூட இல்லை;
இல்போ அங்கே இடம் விடவில்லை.

"முதல் அடிக்கு முன்னால் இசை எப்படி வரும்?"
என்றான்.
ஹெல்வி பெட்டியின் வாரைப் பூட்டிக்கொண்டே,
"ஒன்பது ஐந்துக்கு வண்டி கிளம்ப
எட்டு ஐம்பதுக்கு நான் உள்ளே இருக்க வேண்டும்.
பிரேக் பார்ப்பது யார்?" என்றாள்.
கடைசி வண்டியைப் பிடிக்க ஓடினாள்.

இல்போ கோட்டைத் திரும்பக் கழற்றினான்.
பதினோரு வருடக் கோட்டில்
கழித்தல் குறியை அனுமதிக்க
நாற்பத்தாறு இடங்களில் கை வைக்க வேண்டியிருந்தது.
நான் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.

விழித்தபோது ஹெட்போனோடு இருந்தான்.
ஒன்றாம் அடிக்கு இடப்பக்கம்
சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பட்டை.
அதில் துருத்தி விரிகிறது,
தோல் மூச்சை இழுக்கிறது,
நாற்காலி ஒருமுறை முனகுகிறது,
எல்லாவற்றுக்கும் அடியில் ஆறு.
மூன்றாம் முயற்சி என்பதால் கூடவே
மரக்கதவைத் தாண்டி, மெலிதாக, அவன்.
அழித்துவிடுவான் என்றிருந்தேன்.
ஒலியைக் கூட்டி இன்னொரு தரம் கேட்டான்.

கையேட்டில் அந்தப் பட்டைக்கு ஒரு பெயர் வேண்டும்.
எங்கள் இருவருக்கும் வரவில்லை.
'பிரேக் பார்க்கும் இடம்' என்று போட்டோம்;
மொழிபெயர்ப்பாளர்கள் குழம்பினார்கள்.

மாதிரிக் கோப்பாக அதையேதான் அனுப்பினோம்.
திறந்து, இடப்பக்கம் ஓரமாய் இழுத்து,
நல்ல ஹெட்போன் இருந்தால் கேட்டுப் பாருங்கள்:
வேலைக்கு ஆகாது என்று ஒருவன் சொல்கிறான்,
உடனே ஆரம்பிக்கிறது.